பைனாகுலர் வாரன்டி: பழுதுக்கு யார் காரணம் என்பதை யார் முடிவு செய்வது?

பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் எட்டு மடங்கு பெரிதாக்குவதா பத்து மடங்கா என்று முடிவு செய்த கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, வாரன்டி எத்தனை வருஷம் என்பதுதான். இரண்டு, ஐந்து, பத்து, வாழ்நாள் முழுக்க என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பெரிய எண் போட்டிருப்பவரிடம் வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்தத் துறையில் நடக்கிற சண்டைகளைக் கொஞ்சம் கவனித்தால், வருஷக் கணக்கை வைத்துச் சண்டை வருவது ரொம்பக் குறைவு என்று தெரியும். பில் இருக்கிறது, தேதி இருக்கிறது, காலம் முடியவில்லை, அதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. இந்தப் பழுது தயாரிப்பில் இருந்த குறையால் வந்ததா, நீங்கள் கீழே போட்டதால் வந்ததா என்ற இடத்தில்தான் இழுபறி தொடங்குகிறது. அதைவிட முக்கியம், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவர் பெரும்பாலும் செலவை ஏற்கவேண்டிய அதே கம்பெனியின் சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். வாரன்டி அட்டையை இந்தக் கண்ணோடு படித்தால் எந்த வரி உண்மையிலேயே மதிப்புள்ளது, எந்த வரி விளம்பரம் என்பது தெளிவாகிவிடும்.

பைனாகுலர், ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப், வேட்டைத் துப்பாக்கியில் பொருத்தும் ரைஃபிள் ஸ்கோப், தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் எல்லாவற்றையும் சேர்த்து ஸ்போர்ட்ஸ் ஆப்டிக்ஸ் என்று ஒரே துறையாகப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் இதற்குப் பெரிய சந்தை உண்டு, வேட்டைக்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் அதன் முக்கிய வாடிக்கையாளர்கள். வாழ்நாள் வாரன்டி என்ற பழக்கம் இந்தத் துறையில் இவ்வளவு வலுவாக இருப்பதும் அங்கேதான், அதனால் கதையை அங்கிருந்தே தொடங்கலாம்.

ஒரிகான் மாநிலத்து லியூபோல்ட் 1907 முதல் இருக்கும் கம்பெனி. அந்தக் குடும்பத்து மார்கஸ் லியூபோல்ட் வேட்டைக்குப் போனபோது ஸ்கோப்புக்குள் நீராவி படிந்து மான் தப்பிவிட்டது, அந்த எரிச்சலில்தான் நாமே ஸ்கோப் செய்வோம் என்று 1940களில் இறங்கினார்கள் என்பது கம்பெனியே சொல்லிவரும் கதை. உள்ளே ஈரக் காற்று இல்லாமல் நைட்ரஜன் நிரப்பி மூடுவது அவர்களின் ஆரம்பகால பெருமைகளில் ஒன்று. இவர்களுடைய கோல்ட் ரிங் வரிசைக்கு அமெரிக்காவில் கிடைக்கும் உத்தரவாதம் எளிமையானது: சொன்னபடி வேலை செய்யவில்லை என்றால் இலவசமாகச் சரிசெய்வோம் அல்லது மாற்றித் தருவோம், நீங்கள் முதல் உரிமையாளரா பத்தாவது உரிமையாளரா என்பது பற்றிக் கவலை இல்லை. இதில் எலக்ட்ரானிக் பாகங்களுக்கு மட்டும் காலம் தனி, அதைக் கவனிக்கவேண்டும். லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் உள்ள பைனாகுலர்களில் கண்ணாடிக்கு ஒரு வாரன்டியும் சர்க்யூட்டுக்கு வேறு வாரன்டியும் இருப்பது இன்று துறை முழுவதும் பொது வழக்கம். கெட்டுப்போவது சர்க்யூட்டாக இருந்தால் அங்கே பெரிய எண்ணைப் பார்த்து வாங்கியவர்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கும்.

விஸ்கான்சின் மாநிலத்து வோர்டெக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. அவர்களுடைய விஐபி வாரன்டிக்கு பில் வேண்டாம், பதிவு அட்டை வேண்டாம், கைமாறினாலும் தொடரும், தவறு உங்களுடையதாக இருந்தாலும் பரவாயில்லை. விலக்கு நான்கே நான்கு: தொலைந்தது, திருடு போனது, வேண்டுமென்றே உடைத்தது, அப்புறம் செயல்திறனைப் பாதிக்காத வெளித்தோற்றக் கீறல்கள். இதன் உண்மையான பலம் "வாழ்நாள்" என்ற வார்த்தையில் இல்லை என்பது என் கருத்து. காரணம் என்ன என்ற விசாரணையையே அவர்கள் தூக்கிவிட்டார்கள். கீழே விழுந்ததா, தயாரிப்புக் குறையா என்று யாரும் தோண்டவேண்டியதில்லை, ஆகவே சண்டைக்கான களமே சுருங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் ஒரே சண்டை, கீறல் செயல்திறனைப் பாதிக்கிறதா இல்லையா என்பது. அதுவும் சில நேரம் சிக்கலாகத்தான் போகிறது, ஏனென்றால் முன்கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் ஒரு மெல்லிய கீறல் பட்டப்பகலில் கண்ணுக்கே தெரியாது, மாலையில் சூரியனுக்குப் பக்கமாகத் திரும்பினால் படம் முழுக்க வெள்ளைப் படலம் போட்டுவிடும். கோட்டிங், அதாவது மேலே பூசிய மெல்லிய படலம், தேய்ந்த லென்ஸும் அப்படித்தான்.

நிகான் அமெரிக்காவில் பல வருடங்கள் நடத்திய திட்டம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. சாதாரண வாரன்டிக்கு மேல், தவறு யாருடையதாக இருந்தாலும் ஒரு சிறு கட்டணமும் திருப்பி அனுப்பும் செலவும் கட்டினால் சரிசெய்தோ மாற்றியோ தரும் நோ ஃபால்ட் ஏற்பாடு அது. கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு விசாரணையைக் கைவிடுவது. எனக்கு இது நேர்மையான வடிவமாகவே படுகிறது, வாடிக்கையாளர் பொய் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, கம்பெனி துப்பறியவேண்டிய அவசியமும் இல்லை.

இந்தச் சலுகைகளுக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. அமெரிக்காவின் மாக்னூசன்-மாஸ் வாரன்டி சட்டம் 1975ல் வந்தது. எழுத்துபூர்வமாக வாரன்டி கொடுக்கிற கம்பெனி அதை முழு வாரன்டி என்றோ வரையறுக்கப்பட்ட வாரன்டி என்றோ குறிப்பிட்டே ஆகவேண்டும் என்று அது சொன்னது. முழு வாரன்டி என்று போட்டால் கடமைகள் கடுமை: நியாயமான காலத்துக்குள் செலவில்லாமல் சரிசெய்யவேண்டும், பலமுறை முயன்றும் சரியாகவில்லை என்றால் பணமா புதுப் பொருளா என்பதை வாங்கியவர் தேர்ந்தெடுக்கலாம், கைமாறினாலும் வாரன்டி கூடவே போகும். இதைத் தலையில் ஏற்றிக்கொள்ள ஆசைப்படும் கம்பெனி குறைவு. அதனால்தான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் கொட்டை எழுத்தில் வாழ்நாள் என்றும் அதற்கு முன்னால் பொடி எழுத்தில் "வரையறுக்கப்பட்ட" என்றும் இருக்கும். வரையறுக்கப்பட்ட வாரன்டியில் சரிசெய்வதா மாற்றுவதா என்பது கம்பெனியின் விருப்பம், பணம் திரும்பக் கிடைப்பது அரிது.

சரி, வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள்? வாங்கியவரின் வாழ்நாளா, பொருளின் வாழ்நாளா, கம்பெனி அந்த மாடலை விற்கும் காலமா? அமெரிக்க மத்திய வணிக ஆணையமான எஃப்டிசி இதற்காகவே விளம்பர வழிகாட்டுதலில் ஒரு பகுதி வைத்திருக்கிறது. எதன் ஆயுளைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாகக் குறிப்பிடவேண்டும் என்பது அதன் சாரம். அங்கே காட்டப்படும் உதாரணம் காரின் சைலன்சர், வாழ்நாள் என்று விற்கப்படும் சைலன்சருக்கு அது பொருத்தப்பட்ட காரின் ஆயுள்தான் கணக்கு என்றால் அதை விளம்பரத்திலேயே சொல்லிவிடவேண்டும். பைனாகுலரில் "பொருளின் வாழ்நாள்" என்று எழுதியிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் பொருளின் ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்லும் அதிகாரமும் அந்த வரியிலேயே ஒளிந்திருக்கிறது. உதிரிபாகம் இல்லை, மாடல் நின்றுவிட்டது, ஆயுள் முடிந்தது என்று கடிதம் வரலாம்.

கம்பெனியின் ஆயுளும் இருக்கிறது. இதற்கு இரண்டு உதாரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டென்வர் நகரத்து ரெட்ஃபீல்ட் ஒரு காலத்தில் அமெரிக்க வேட்டைக்காரர்களின் மதிப்புக்குரிய ஸ்கோப். 1998ல் கதவை மூடியது. பெயர் மட்டும் கைமாறிக்கொண்டே போனது. 2002ல் மீட் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கைக்கு வந்து, 2008ல் லியூபோல்ட் வாங்கியது. அப்புறம் கடைகளில் மறுபடி ரெட்ஃபீல்ட் என்ற பெயரில் ஸ்கோப்புகள் வந்தபோது, அப்பா காலத்து டென்வர் ஸ்கோப்பை வைத்திருந்தவர்கள் இனி சர்வீஸ் கிடைக்கும் என்று நம்பினார்கள். கிடைக்கவில்லை. பெயரை வாங்கியவர் பழைய கம்பெனி கொடுத்த வாக்குறுதியையும் வாங்கினார் என்று அர்த்தம் இல்லை. பிராண்டும் வாரன்டிக் கடமையும் தனித்தனிச் சரக்கு.

மறுபக்கம் ஈகிள் ஆப்டிக்ஸ். விஸ்கான்சினில் பறவை பார்ப்பவர்களுக்கென்றே இருந்த கடை, சொந்தப் பெயரில் பைனாகுலரும் விற்றது. 2017 முடிவில் மூடினார்கள். அந்தக் கடைக்கும் வோர்டெக்ஸுக்கும் குடும்ப உறவு இருந்ததால், ஈகிள் ஆப்டிக்ஸ் பெயர் போட்ட பைனாகுலர்களுக்கான வாரன்டியை வோர்டெக்ஸ் ஏற்றுக்கொண்டது. அதே மாதிரி நிகான் 2019 இறுதியில் ரைஃபிள் ஸ்கோப் தொழிலையே விட்டபோதும், ஏற்கனவே விற்றவற்றுக்கு வாரன்டி தொடரும் என்று அறிவித்தது, நிகான் என்ற கம்பெனி இருக்கிறது என்பதால் அந்தச் சொல்லுக்குப் பிடிமானம் உண்டு. நம் ஊரில் பலர் வைத்திருக்கும் ஒலிம்பஸ் பைனாகுலர்கள் இன்று ஒலிம்பஸ் வசம் இல்லை. 2021 ஜனவரி முதல் அந்தப் பிரிவு ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற புதுக் கம்பெனிக்குப் போய்விட்டது. ஆகவே கம்பெனி கைமாறிய செய்தி வந்தால் ஒரே கேள்விதான் கேட்கவேண்டும், பழைய வாரன்டிக் கடமைகளையும் சேர்த்து ஏற்றார்களா இல்லையா.

இவ்வளவு தாராளமாக வாரன்டி கொடுத்தால் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்கலாம். பழுதாகி வருவது எத்தனை சதவீதம் என்று கம்பெனிக்குத் தெரியும், அந்தச் செலவைக் கணக்கிட்டு விற்பனை விலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அதோடு நடுத்தர விலைப் பைனாகுலர்கள் ஆசியத் தொழிற்சாலைகளில் பெருவாரியாக உற்பத்தியாகின்றன. உட்கார்ந்து பிரித்து, பிரிசத்தைச் சீர்செய்து, மறுபடி நைட்ரஜன் நிரப்பி மூடும் திறமையான ஆளின் அமெரிக்கச் சம்பளத்தைவிட புதுப் பைனாகுலரை எடுத்து நீட்டுவது மலிவு. அதனால் அந்த விலையில் "மாற்றித் தருவோம்" என்பது பெருந்தன்மை மட்டுமல்ல, சிக்கனமும்கூட. ஆஸ்திரியாவின் அப்சாமில் இருக்கும் ஸ்வரோவ்ஸ்கி ஆப்டிக் போன்ற விலை உயர்ந்த கம்பெனிகளின் வழி வேறு. அங்கே பழைய கருவியைத் திறந்து சரிசெய்து அதே சீரியல் நம்பரோடு திருப்பி அனுப்பும் பட்டறைப் பண்பாடு இருக்கிறது, ரப்பர் உறை, கண் வளையம் போன்ற தேய்மானப் பாகங்களை வாரன்டிக்கு வெளியேகூட நல்லெண்ணத்தில் மாற்றிக் கொடுத்த அனுபவங்களைப் பலரும் சொல்வார்கள். ஆனால் நல்லெண்ணம் உரிமை ஆகாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இலவசமாகச் செய்தார்கள் என்பதை வைத்து நீங்கள் வாதாட முடியாது, அட்டையில் எழுதியிருப்பதை வைத்துத்தான் முடியும்.

மாற்றிக் கொடுப்பதிலும் தகராறு உண்டு. மாடல் நின்றுபோயிருந்தால் "அதற்குச் சமமான" தற்போதைய மாடல் தருவார்கள். எது சமம் என்பதைக் கம்பெனி தீர்மானிக்கும். சில நேரம் பழையதைவிட நல்லது கிடைத்து ஆள் குஷியாகிவிடுவார். சில நேரம், பத்து வருஷம் பழகிய அகலமான பார்வைப் பரப்பு போய்க் குறுகலான ஒன்று கைக்கு வரும், காகிதத்தில் இரண்டும் 8×42தான் (எட்டு மடங்கு, 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி). கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்த மாற்றம் இன்னும் மோசம், கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே வேண்டிய தூரம் இரண்டு மில்லிமீட்டர் குறைந்தாலே படத்தின் ஓரம் வெட்டுப்படும். எதை இழந்தோம் என்று குறிப்பிட்டு எழுதிக் கேட்டால் வேறு மாடல் கிடைக்க வாய்ப்பு உண்டு, பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதினால் பதில் வராது.

இனி பழுதுகளுக்கு வருவோம், ஏனென்றால் சண்டையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

முதலாவது கொலிமேஷன். பைனாகுலர் என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு தொலைநோக்கிகள், இரண்டின் அச்சும் இணையாக இருக்கவேண்டும். ஒரு குழாய்க்குள் இருக்கும் பிரிசம் முடியளவு நகர்ந்தாலும் இரண்டு கண்ணும் இரண்டு இடத்தைப் பார்க்கும். பக்கவாட்டில் வரும் சிறு விலகலை மூளை சமாளித்துவிடும், கண் தானாகவே கொஞ்சம் உள்ளே திரும்பிக்கொள்ளும். மேல்கீழ் விலகலைச் சமாளிக்கும் திறன் கண்ணுக்கு ரொம்பக் குறைவு. கடையில் இரண்டு நிமிஷம் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, ஏரிக்கரையில் அரை மணி நேரம் பார்த்தபிறகு நெற்றிப் பொட்டு வலிக்கும். விலகல் அதிகமானால் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும்.

இதைக் கம்பெனிக்கு அனுப்பினால் அவர்கள் முதலில் பார்ப்பது வெளிப்புறத்தை. குழாயின் முன் விளிம்பில் நசுங்கல், ரப்பரில் வெட்டு, கீல் பகுதியில் கீறல் ஏதாவது இருந்தால் "அடிபட்டது, வாரன்டி பொருந்தாது" என்று பதில் வரும். தயாரிப்புக் குறைக்கு மட்டும் பொறுப்பேற்கும் வாரன்டியில் இது சட்டப்படி சரியான பதிலாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கீறல் போன வருஷத்தது, கொலிமேஷன் முதல் நாளிலிருந்தே சரியில்லை என்றால்? அல்லது கூரியரில் வரும்போதே பெட்டி விழுந்திருந்தால்? அப்போது உங்களிடம் முதல் நாள் சாட்சி இருக்கவேண்டும். சோதிப்பது எளிது. பைனாகுலரை டிரைபாடிலோ மதில் சுவரிலோ அசையாமல் வைத்து, தூரத்து மாடியின் கிடைமட்ட விளிம்பு ஒன்றை நோக்கித் திருப்புங்கள். அப்புறம் கண்ணைக் கண்லென்ஸிலிருந்து மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஒரு கட்டத்தில் இடது வட்டமும் வலது வட்டமும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். இரண்டு வட்டத்திலும் அந்த விளிம்புக் கோடு ஒரே உயரத்தில் இருக்கவேண்டும், ஒன்றில் படிக்கட்டு மாதிரி ஏறியோ இறங்கியோ நின்றால் மேல்கீழ் விலகல் இருக்கிறது. பெட்டி பிரித்த அன்றைக்கே இதைச் செய்யுங்கள், பெட்டி பிரிப்பதை வீடியோவும் எடுத்துவையுங்கள். சந்தேகம் வந்தால் மறுநாளே எழுதுங்கள், மாதம் கழித்து எழுதினால் அதே பழுதுக்கு மதிப்பு பாதியாகிவிடும்.

இரண்டாவது, ஈரமும் பூஞ்சையும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி படரும் பூஞ்சை கோட்டிங்கையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. பூஞ்சை என்று சொன்னதும் பல சர்வீஸ் சென்டர்கள் "சுற்றுச்சூழல் காரணம், சரியாக வைத்துக்கொள்ளவில்லை" என்று கைவிரிப்பார்கள். சாதாரண, மூடப்படாத பைனாகுலருக்கு அந்தப் பதிலில் நியாயம் உண்டு, அது காற்றை உள்ளே வாங்கி வெளியே விடும் கருவி. ஆனால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போட்டு நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி, நீர் புகாது என்று அச்சடித்து விற்ற பைனாகுலருக்குள் பூஞ்சை வந்தால் வாதம் அப்படியே திரும்பிவிடும். உள்ளே ஈரம் போகாமல் பூஞ்சை வளராது, உள்ளே ஈரம் போனது என்றால் மூடல் தோற்றுவிட்டது, மூடலுக்குத்தானே கம்பெனி உத்தரவாதம் கொடுத்தது. இந்த மூன்று படிகளையும் வரிசையாக எழுதினால் "சுற்றுச்சூழல்" என்ற ஒற்றை வார்த்தையில் மறுப்பது கஷ்டம். எழுதுமுன் உங்கள் மாடல் எந்த வகை என்று பாருங்கள். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் தாங்கவேண்டும், ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும். அதுவும் நல்ல தண்ணீர்க் கணக்கு, கடல்நீரில் விழுந்தது வேறு விவகாரம்.

உள்ளே பனி படிவதில் இன்னொரு சிக்கல். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் வெளிக் கண்ணாடியில் படியும் நீராவி குறையே அல்ல, துணியால் துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகவில்லை என்றால் உள்பக்கம் படிந்திருக்கிறது, அதுதான் மூடல் உடைந்த அடையாளம். ஆனால் நீங்கள் அனுப்பிச் சர்வீஸ் மேசைக்குப் போகும்போது கருவி உலர்ந்திருக்கும், "பழுது எதுவும் காணப்படவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தத் துறையில் வாடிக்கையாளரை ரொம்பவும் நோகடிக்கும் பதில் இதுதான், ஏனென்றால் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பனி படிந்திருக்கும்போதே எடுத்த போட்டோ, முடிந்தால் விரலால் வெளியே துடைத்துக் காட்டும் சின்ன வீடியோ, இது ஒன்றே மருந்து. பூஞ்சைக்கு இருட்டறையில் முன்கண்ணாடி வழியாக டார்ச்சைச் சாய்வாக அடித்து மறுபக்கத்திலிருந்து போட்டோ எடுக்கவேண்டும், நேராக அடித்தால் எதுவும் தெரியாது.

ரப்பர் உறை பிசுபிசுப்பது, உரிவது பற்றியும் நிறையப் புகார் உண்டு. இதில் டீட் என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டிக்கு நிஜமாகவே பங்கு இருக்கிறது, பல வகைப் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அது கரைத்துவிடும். கையில் தடவிக்கொண்டு அதே கையால் பைனாகுலரைப் பிடிப்பவர்கள் பழுதுக்குத் தாங்களும் காரணம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கும்.

நீங்களே திறந்துவிட்டால்? உள்ளூர் கைவினைஞரிடம் கொடுத்துப் பூஞ்சை எடுத்த பைனாகுலரை எந்தக் கம்பெனியும் விருப்பத்தோடு ஏற்காது. அமெரிக்காவில் இந்த ஸ்க்ரூவைத் தொட்டால் வாரன்டி போய்விடும் என்ற ஸ்டிக்கர்களைப் பற்றி 2018 ஏப்ரலில் எஃப்டிசி ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, அவை கார், செல்போன், வீடியோ கேம் துறைக் கம்பெனிகள். கொள்கை எல்லாப் பொருளுக்கும் பொது: எங்கள் ஆள்தான் தொடவேண்டும், எங்கள் பாகம்தான் போடவேண்டும் என்பதை, அதை இலவசமாகத் தராமல் நிபந்தனையாக்கக் கூடாது. ஆனால் நைட்ரஜன் நிரப்பிய கருவியைத் திறந்துவிட்டு அப்புறம் ஈரம் புகுந்தது என்று வந்தால், திறந்ததுதான் காரணம் என்று காட்டுவது கம்பெனிக்கு எளிது. கொள்கை உங்கள் பக்கம், நிரூபணம் அவர்கள் பக்கம்.

நிரூபணம் யார் தலையில் என்பதில் ஐரோப்பா போன வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், கம்பெனி தரும் வாரன்டி ஒருபக்கம் இருக்க, விற்ற கடைக்காரருக்குக் குறைந்தது 2 வருடச் சட்டப் பொறுப்பு உண்டு. 2019ல் வந்த புதிய நெறிமுறையின்படி முதல் ஒரு வருடத்துக்குள் குறை தென்பட்டால் அது விற்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது, இல்லை என்று நிரூபிக்கவேண்டியது விற்றவர். முன்பு அந்தக் காலம் 6 மாதமாக இருந்தது. அமெரிக்க வாழ்நாள் வாரன்டி கம்பெனியின் மனசைப் பொறுத்தது, ஐரோப்பாவின் 2 வருடம் சிறிய எண்தான், ஆனால் சர்வீஸ் மேசையின் அதிகாரத்தை அது நேரடியாகக் குறைக்கிறது. எட்டாம் மாதத்தில் கொலிமேஷன் போனால் எதை வைத்து வாதாட விரும்புவேன் என்று கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இந்தியாவில் வாங்குகிறவர்களுக்கு முதல் கேள்வி, பொருள் எந்த வழியாக வந்தது என்பது. அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ வரும்போது வாங்கி வருவது நம் வீடுகளில் சகஜம், அங்கே விலை குறைவு, வாழ்நாள் வாரன்டி என்று பெட்டியிலும் போட்டிருக்கும். அந்த வாழ்நாள் வாரன்டி பல கம்பெனிகளில் அமெரிக்கச் சந்தைக்கு மட்டும், மற்ற நாடுகளில் அந்தந்த நாட்டு விநியோகஸ்தர் தரும் காலமே செல்லும். நிகானின் அமெரிக்கக் கிளை, தன் வழியாக வராத கிரே மார்க்கெட் பொருளைக் காசு கொடுத்தாலும் சரிசெய்யாது என்ற கொள்கையை நீண்ட காலம் வைத்திருந்தது. சரி, அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பலாம் என்றால் போகும் கூரியர் செலவு உங்களுடையது. திரும்பி வரும்போது சுங்கம். பழுது பார்க்க வெளியே போய்த் திரும்பும் பொருளுக்குத் தனி ஏற்பாடு உண்டு, ஆனால் போனதும் வந்ததும் ஒரே பொருள் என்று காட்டவேண்டும். மாற்றித் தரப்பட்ட புதுப் பைனாகுலருக்குச் சீரியல் நம்பர் வேறு. ஆக, "மாற்றித் தருவோம்" என்ற அந்த அருமையான வாக்குறுதி கடல் தாண்டும்போது புது இறக்குமதி ஆகிவிடுகிறது. போக வர ஆள் இருக்கும் வீட்டுக்கு மட்டும் இது பயன்படும்.

இந்தியச் சந்தைக்கு முறையாக வந்த பொருளை அடையாளம் காண பெட்டியின் அடிப்பக்கம் பார்க்கவேண்டும். இறக்குமதி செய்தவரின் பெயர், முழு முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதமும் வருடமும், புகார் தொடர்பு எண் இவை ஸ்டிக்கரில் இருக்கவேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி கிரே மார்க்கெட் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். இது விலை பற்றிய விஷயம் மட்டும் அல்ல, நாளைக்கு வழக்குப் போட்டால் எதிர்மனுதாரர் யார் என்பது அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கிறது. வெளிநாட்டில் மட்டுமே இருக்கும் கம்பெனி மேல் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உத்தரவு வாங்கினாலும் நிறைவேற்றுவது கடினம், இறக்குமதியாளரும் கடைக்காரரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். போலிகளையும் மறக்கக்கூடாது, லியூபோல்ட் பெயரில் போலி ஸ்கோப்புகள் சுற்றுவதாக அந்தக் கம்பெனியே எச்சரித்திருக்கிறது. சீரியல் நம்பரை வாங்குமுன்பே கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது, பழைய பொருள் வாங்குகிறவர்கள் அவசியம் செய்யவேண்டும்.

2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபிறகு நம் நிலைமை முன்பைவிடப் பரவாயில்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பைனாகுலர் வழக்குகள் அனைத்துமே இந்த வரம்புக்குள் அடங்கும். புகார் கொடுக்கக் காலக்கெடு 2 வருடம். பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்கிறது சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. திரும்ப எடுக்கும் காலம் எதுவும் பில்லில் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்தால், பெரிய கம்பெனிகள் பல அங்கேயே இறங்கி வந்துவிடும். குறை என்ன என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாத பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சர்வீஸ் சென்டரின் அறிக்கையே இறுதி என்ற நிலை இங்கேதான் உடைகிறது.

ஆகவே வாரன்டி மறுக்கப்பட்டால் போனில் சத்தம் போடுவதில் பயன் இல்லை, ஒரு மின்னஞ்சல் போதும். பழுது என்ன, எந்தத் தேதியில் முதலில் கண்டீர்கள், இணைத்திருக்கும் போட்டோ எதைக் காட்டுகிறது என்று சுருக்கமாக எழுதுங்கள். பழுதுக்குக் காரணம் என்று சர்வீஸ் சென்டர் எதைக் கருதுகிறது, எந்தப் பாகத்தில் என்ன தடயத்தைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தது, வாரன்டியின் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். தடயத்தின் போட்டோவையும் கேளுங்கள். கட்டணம் கட்டிச் சரிசெய்துகொள்கிறீர்களா என்று அவர்கள் கேட்டால் உடனே சம்மதிக்கவேண்டாம், சரிசெய்துவிட்டால் பார்ப்பதற்குப் பழுதும் இருக்காது, தடயமும் இருக்காது. இதற்குமேல் திறக்காமல், மாற்றிய பாகம் ஏதாவது இருந்தால் பழைய பாகத்தோடு சேர்த்து, அப்படியே திருப்பி அனுப்பும்படி அதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.